லாலாங் புல்லும் பழைய மருந்துகளும்

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் சமூகத் தோட்டத்துக்குப் புதிதாக வருபவர்கள், அந்தக் காலத்தில் லாலாங் என்ற களைப்புல்லை எப்படி ஒழித்தார்கள் என்று கேட்பதுண்டு. அந்த வழியைக் கனவிலும் பின்பற்றாதீர்கள். மலாயா ரப்பர்த் தோட்டங்களில் தெளித்தது சோடியம் ஆர்சனைட் என்ற ஆர்சனிக் நஞ்சு. அந்தப் புல்லை மேய்ந்த மாடுகள் செத்தன. மருந்தடித்தவர்களில் நம் தமிழ்த் தொழிலாளர்களும் இருந்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. ஆர்சனிக் மண்ணில் சிதைந்து போகாது.

சோடியம் குளோரேட் என்ற இன்னொரு பழைய களைக்கொல்லியும் வேண்டாம். கரைசல் பட்டுக் காய்ந்த துணி ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும்.

தாமிர சல்பேட், இரும்பு சல்பேட் கரைசல்களை 1890களின் பிற்பகுதியில் ஐரோப்பியத் தானிய வயல்களில் காட்டுக் கடுகுக் களையின்மீது தெளித்தார்கள். அகன்ற இலையில் துளி தங்கிக் கருக்கியது. நிமிர்ந்த குறுகிய தானிய இலையில் வழிந்தோடியது. லாலாங்கும் குறுகிய இலைதான், ஆகவே பயனில்லை. புல்தரைப் பாசிக்கு மட்டும் இரும்பு சல்பேட் நல்லது. சிமெண்டில் பட்டால் துருக்கறை படியும், கவனம்.

களையைக் கொல்ல உப்பைப் பாத்திப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நம் ஊர் மழை அதைக் கீரை வேருக்கே இழுத்துச் செல்லும். நடைபாதை இடுக்கில் முளைத்ததற்குக் கொதிநீர் போதும். குருத்தில் மெதுவாக ஊற்றுங்கள், தழைத்தால் மறுபடி ஊற்றுங்கள்.

லாலாங்குக்கு நிழல் ஆகாது. தரையோடு வெட்டி, கிழங்குத் தண்டுகளைத் துண்டுகூட விடாமல் தோண்டியெடுத்து, தடித்த அட்டையால் மூடுங்கள். ஓரத்தில் சர்க்கரைவள்ளிக் கொடியைப் படரவிடுங்கள்.