கண்ணிவெடி நிதி திரட்டுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில், இலங்கையின் வன்னி மண்ணில் கண்ணிவெடி அகற்ற நிதி திரட்டலாம் என்று ஒருவர் சொன்னால் மறுப்பவர் இருக்கமாட்டார். மனம் தாராளம்தான். கணக்குதான் கோணலாகிறது.

முதல் கோணல், "ஒரு வெடிக்கு இத்தனை வெள்ளி" என்று துண்டறிக்கையில் போடுவது. அகற்றும் செலவு வெடிகளின் எண்ணிக்கையைவிட நிலத்தின் பரப்பையே பெரிதும் பொறுத்தது. உலோகம் கண்டறியும் கருவி ஒலித்தால் கீழே கிடப்பது வெடியா, துருப்பிடித்த ஆணியா, தோட்டா உறையா என்று தெரியாது. எதுவானாலும் வெடி என்றே எண்ணி, மண்டியிட்டு, பக்கவாட்டிலிருந்து மண்ணை மெல்லச் சுரண்டியாக வேண்டும். நாள் முழுக்க ஆணி மட்டுமே கிடைத்தாலும் வேலை வீணில்லை. அத்தனை நிலம் மறுபடி உழவுக்கும் வீடு கட்டவும் தகுதியாகிறது. ஊராரை விசாரித்து, பழைய பதிவுகளைப் புரட்டி, சந்தேகத்துக்குரிய நிலத்தின் அளவைக் குறைக்கும் கள ஆய்வுக்குச் செலவு இன்னும் குறைவு. அதை விளம்பரப் படமாக எடுக்க முடியாது என்பதால் யாரும் அதற்குப் பணம் கேட்பதில்லை.

"சம்பளத்துக்குத் தரமாட்டோம், வெடி எடுக்க மட்டும் தருவோம்" என்ற வீம்பும் இதன் கிளைதான். இலங்கையின் வடக்கில் இந்த வேலையைச் செய்பவர்களில் போரில் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் பெண்களும் உண்டு. அவர்கள் கூலி இல்லாமல் எந்த வெடி மண்ணைவிட்டு வெளியே வரும்?

இவற்றையெல்லாம்விடப் பெரிய தவறு, அகற்றலையும் பாதிக்கப்பட்டோர் உதவியையும் ஒரே பையில் போடுவது. ஆளைக் கொல்லும் கண்ணிவெடிகளைத் தடைசெய்து 1997இல் கையெழுத்தான ஒட்டாவா ஒப்பந்தம், நிலத்தைச் சுத்தப்படுத்த 10 ஆண்டு கெடு தருகிறது. இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்து, ஒப்பந்தம் அதற்கு 2018 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்ததால், விதிக்கப்பட்ட கெடு 2028 ஜூன் 1. காலிழந்தவரைப் பராமரிக்க அப்படியொரு முடிவுநாள் கிடையாது. நன்கொடையாளர்களுக்கோ முடிந்துவிடும் வேலைதான் பிடிக்கும். பன்னாட்டு நிதியில் பெரும்பங்கு அகற்றலுக்குப் போகிறது. பாதிக்கப்பட்டோருக்குப் பெரும்பாலான ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்குகூட வருவதில்லை. ஒரே பையில் போட்ட உங்கள் பணமும் அந்த வழியில்தான் போகும். ரசீதிலேயே இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

செயற்கைக் கால் கொடுத்ததும் கடமை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் வெகுதூரம் போக வேண்டாம். சர்க்கரை நோயால் காலை இழந்த பெரியவர்கள் நம் தோட்டங்களிலேயே இருக்கிறார்கள். அப்படி ஒருவர் காலையில் செயற்கைக் காலைப் பொருத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வெட்டியபின் மிச்சமுள்ள கால்துண்டில் முதலில் ஓர் உறை. அந்தத் துண்டு நுழையும் கிண்ணப் பகுதி தளர்வாக இருந்தால் அதன்மேல் இன்னொன்று. மதியத்துக்குள் சதை சுருங்கிவிட்டால் கழற்றி மூன்றாவது உறை. எத்தனை உறை போட்டும் உரசிப் புண்ணாகும் நிலை வந்தால் கிண்ணத்தையே புதிதாக வார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுக் கால் தேவைப்படும். வளரும் பிள்ளைக்கு ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பிள்ளைக்கு எலும்பும் வளர்வதால் மறுபடி அறுவை சிகிச்சைகூட வரலாம். ஆகவே, பழைய செயற்கைக் கால்களைப் பெட்டியில் கட்டி அனுப்பும் யோசனையையும் விட்டுவிடுங்கள். ஒருவருக்கு வார்த்த கிண்ணம் இன்னொருவருக்குப் பொருந்தாது.

ஒருமுறை பெருந்தொகை கொடுத்துவிட்டு ஒதுங்குவதைவிட, சிறு தொகையை ஆண்டுக்கணக்கில் தருவதே இங்கே உதவும். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்ததும் பல நாடுகளில் கண்ணிவெடிக் களப்பணி பாதியில் நின்றது. ஒரே கையை நம்பியிருந்தால் அதுதான் கதி. சிறுகச் சேர்ப்பதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில்தான் தோட்டங்களை வாங்கியது.

சில்லறை விஷயங்கள்: வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்க 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறை அனுமதி வேண்டும், வாங்காமல் இறங்கினால் நல்ல காரியமும் வழக்கில் முடியும். காலிழந்தவரை மேடையேற்றிப் படம் எடுக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் கால் பொருத்தும் நிலையத்துக்கு உதவுவதானால், முல்லைத்தீவிலிருந்து வருபவரின் பஸ் கட்டணம், இரவு தங்கும் செலவு, இழக்கும் நாட்கூலி ஆகியவற்றுக்கு ஒதுக்கீடு உண்டா என்று முதலில் கேளுங்கள்.

அரசாங்கத்தை மறந்துவிடுவதும் தவறுதான். மலேசியா 1997இல் ஒட்டாவா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, 1999இல் உறுதிப்படுத்தி, 2001இல் தன் கண்ணிவெடிக் கையிருப்பை அழித்துவிட்டது. பாதிக்கப்பட்ட நாட்டுக்குத்தான் முதல் பொறுப்பு. ஆனால் இயன்ற நாடுகள் காயம்பட்டோரின் பராமரிப்புக்கும் மறுவாழ்வுக்கும் உதவ வேண்டும் என்று ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. நாடாளுமன்ற உறுப்பினருக்கு மனு எழுதும்போது "கண்ணிவெடிக்கு உதவுங்கள்" என்று பொதுவாக முடிக்காமல், 6ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, பாதிக்கப்பட்டோருக்கென்று தனியாக, பல ஆண்டுகளுக்கான ஒதுக்கீடு கேளுங்கள்.