பழைய மாருதி 800 கொதிக்கிறதா? ஹெட்டைத் தூக்குவதற்கு முன் வீட்டு வாசலில் பார்க்க வேண்டியவை

மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில், நின்றது 2014 ஜனவரியில். கடைசியாக வந்த வண்டிக்கே இப்போது பத்து வயது தாண்டிவிட்டது. 796 சிசி, மூன்று சிலிண்டர், அவற்றை மேலே மூடும் அலுமினிய ஹெட். இந்த என்ஜின் எளிதில் சாகாது. கொதிக்கவிட்டால் மட்டும் மன்னிக்காது. அலுமினியம் சூட்டில் வளையும், வளைந்தால் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போகும், பிறகு லேத் பட்டறைச் செலவு. கொதிப்பதற்குக் காரணமோ பெரும்பாலும் ஒரு ரப்பர் வளையமாகவோ துருப்பிடித்த ஒரு எர்த் கம்பியாகவோ இருக்கும். வரிசையாகச் சோதிக்கும் பொறுமை இருந்தால் இதை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

பொருள் எதையும் வாங்கும் முன், டாஷ்போர்டில் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் எப்போது மேலே ஏறுகிறது என்று கவனியுங்கள். சிக்னலில் நிற்கும்போது ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேன் பக்கம் கோளாறு. நகரத்துக்குள் ஒழுங்காக இருந்து, பைபாஸில் எண்பதில் போகும்போது ஏறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை: ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் (சூடு ஏறியதும் தண்ணீருக்கு வழிவிடும் வால்வு), அல்லது உறிஞ்சலில் சப்பிப்போகும் கீழ் ஹோஸ். காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே ஏறினால் தண்ணீர் குறைவு, ஏர் லாக் (தண்ணீர்ப் பாதையில் சிக்கிய காற்று), மூடியபடி சிக்கிய தெர்மோஸ்டாட், ஹெட் கேஸ்கெட் ஆகியவற்றில் ஒன்று. முள் ஒழுங்காக இருந்தும் வாரம் அரை லிட்டர் தண்ணீர் காணாமல் போனால், எங்கோ ஒழுகுகிறது அல்லது என்ஜின் குடிக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். மூடியில் 0.9 என்று பொறித்திருந்தால் உள்ளே அந்த அளவு அழுத்தம் நிற்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடி கழன்ற நொடியில் அழுத்தம் போய், கொதிநீரும் ஆவியும் பொங்கி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகே திறக்க வேண்டும். வழியில் கொதித்துவிட்டால் ஏ.சி.யை அணைத்து, ஓரம் கட்டி, என்ஜினை நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் சும்மா இருங்கள். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதுதான் ஹெட்டை வளைக்கச் சுருக்கமான வழி.

முதலில் மூடி

சில நூறு ரூபாய்ப் பொருள் என்பதால் யாரும் மூடியைப் பார்ப்பதில்லை. திருப்பிப் பார்த்தால் இரண்டு ரப்பர் தெரியும். ஸ்பிரிங்கோடு அழுந்தும் பெரிய வளையம் உள்ளழுத்தத்தைக் காப்பது. அது நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்கு இறுகியிருந்தாலோ, அதில் ரேடியேட்டர் கழுத்தின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தாலோ மூடி முடிந்தது. நடுவில் இருக்கும் சின்ன வால்வு, என்ஜின் ஆறும்போது ரிசர்வாயர் பாட்டிலில் இருந்து தண்ணீரைத் திரும்ப இழுக்க உதவுவது. விரல் நுனியால் இழுத்தால் அது திறந்து மூட வேண்டும். சிக்கிவிட்டால், இரவு முழுக்க ஆறிய வண்டியின் மேல் ஹோஸ் காலையில் சப்பிப்போய்க் கிடக்கும். அதைப் பார்த்து ஹோஸை மாற்றிவிட்டு மூடியை அப்படியே விடுகிறவர்கள் உண்டு. புது மூடியில் பழையதில் உள்ள அதே எண் இருக்க வேண்டும். கூடுதல் அழுத்த மூடி போட்டால் இருபது வருட ஹோஸ்தான் முதலில் பிய்யும்.

ஃபேன்

சிக்னலில் சூடேறும் வண்டிக்கு இதுதான் முதல் சந்தேகம். ஃபேன் சாக்கெட்டைக் கழற்றி, ஃப்யூஸ் வைத்த இரண்டு வயர்களால் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேராக 12 வோல்ட் கொடுங்கள். விரலும் சட்டைக்கையும் இறக்கைக்குத் தூரத்தில் இருக்கட்டும். சுற்றவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது. முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும் அல்லது புஷ் காய்ந்திருக்கும். நன்றாகச் சுற்றினால் மோட்டாரை விட்டுவிட்டு ஃப்யூஸ், ரிலே, எர்த், சூடு ஏறியதும் ஃபேனை ஓடவிடும் தெர்மோ ஸ்விட்ச் என்று பின்னோக்கிப் போங்கள். எர்த் வயர் பாடியில் சேரும் இடத்தைக் கழற்றி, எமரித் தாளால் வெள்ளையாகத் தேய்த்து, கொஞ்சம் வாஸலின் தடவி முடுக்குவதிலேயே பாதி ஃபேன் கோளாறு தீரும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் கணக்கில் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) ரிலேவை இயக்குவது கம்ப்யூட்டர் என்பதால், அங்கே வெப்ப சென்சாரின் சாக்கெட்டையும் துடைத்துப் பார்க்க வேண்டும். ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய ஃப்யூஸ் போடாதீர்கள். மோட்டார் இறுகி அதிகக் கரண்ட் இழுக்கிறது என்பதைத்தான் ஃப்யூஸ் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அவசரத்துக்கு வழியில் வயரிங் செய்த வண்டிகளில் வேறொரு வேடிக்கை நடக்கும். பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றும். பார்வைக்கு எல்லாம் சரியாகத் தெரியும், வண்டி மட்டும் கொதிக்கும். ஃபேன் ஓடும்போது ஒரு செய்தித்தாள் துண்டை ரேடியேட்டரின் முன்பக்கம் காட்டுங்கள். ஒட்டிக்கொண்டால் காற்றை என்ஜின் பக்கம் இழுக்கிறது, சரி. பறந்து விழுந்தால் வயரை மாற்றிக் கொடுங்கள்.

தெர்மோஸ்டாட்

‘நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்’ என்று கழற்றி எறிந்துவிடும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. கழற்றினால் என்ஜின் வேலை செய்யும் சூட்டுக்கே சீக்கிரம் வராது. பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கிச் சேறு கட்டும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் என்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்றும். பழுதானதை மாற்றுங்கள். வெறும் கூட்டோடு ஓட்டாதீர்கள்.

மேல் ஹோஸ் என்ஜினில் சேரும் இடத்தில் உள்ள அலுமினியக் கூட்டுக்குள் தெர்மோஸ்டாட் இருக்கும். அதன் போல்ட்டுகள் அலுமினியத்தோடு துருவால் ஒட்டியிருக்கும். எடுத்தவுடன் ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் தலை துண்டாகிக் கையோடு வரும். முந்தின இரவே டபிள்யூ.டி.-40 அடித்து ஊறவிட்டு, மறுநாள் முடுக்கும் திசையில் ஒரு நூல் அசைத்து, பிறகு கழற்றும் திசையில் திருப்ப வேண்டும்.

கழற்றியதை ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. ஒரு சமையல் வெப்பமானியையும் பக்கத்தில் தொங்கவிடலாம். தெர்மோஸ்டாட்டில் 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும், தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது நன்றாகத் திறந்திருக்க வேண்டும். வெளியே எடுத்து ஆறவிட்டால் இடைவெளி தெரியாமல் மூட வேண்டும். அரைகுறையாகத் திறப்பதும் பழுதுதான். புதிதை மாட்டும்போது ஸ்பிரிங் என்ஜின் பக்கம், காற்று வெளியேறும் சின்ன ஊசித் துளை மேல் பக்கம். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது அலுமினியத்தில் கீறல் விழக் கூடாது. புதுப் பேப்பர் கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளைச் சிறிய ஸ்பேனரால் மாற்றி மாற்றி அளவாக முடுக்குங்கள்.

ஹோஸ், பெல்ட், பம்ப்

ஆறிய என்ஜினில் ஒவ்வொரு ஹோஸையும் அமுக்கிப் பாருங்கள். மொறுமொறுவென்று சத்தம் வந்தாலோ, கிளாம்புக்குப் பக்கத்தில் உப்பியிருந்தாலோ, வெடிப்பு தெரிந்தாலோ மாற்ற வேண்டும். ஒன்று போய்விட்டால் மற்றவையும் அதே வயதுதான். செட்டாக மாற்றுவது மலிவு. வாட்டர் பம்ப் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் பலமாக அழுத்தினால் 6 முதல் 9 மி.மீ. இறங்க வேண்டும். தொளதொளவென்றிருந்தால் பம்ப் சரியாகச் சுற்றாது. இழுத்துக் கட்டினால் ஆல்டர்னேட்டர், பம்ப் இரண்டின் பேரிங்கும் போகும்.

பெல்ட்டைத் தளர்த்திவிட்டு பம்ப் புல்லியை முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. பம்புக்கு அடியில் பச்சையாகவோ துரு நிறத்திலோ காய்ந்த தடம் இருந்தால் சீல் போய்விட்டது. பம்ப் மாற்றும் வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுவது நல்லது. அது, வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் இருக்கும் பக்கம். அதன் குறிகள் ஒரு பல் தப்பினாலும் வண்டி ஒழுங்காக ஓடாது. அங்கே கை வைக்கும்போதே டைமிங் பெல்ட்டையும் மாற்றிவிடச் சொல்லுங்கள்.

ரேடியேட்டரைக் கழுவி நிரப்புதல்

போர்வெல் தண்ணீரை ஊற்றியே ஓட்டிய வண்டிகளில் கெண்டியில் படிவது போல ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் உப்பு படியும். மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் குழாய்களின் வாய் தெரியும். அங்கே வெள்ளையாகவோ பழுப்பாகவோ கட்டியிருந்தால் உள்ளே நிலைமை அதைவிட மோசம்.

ஆறிய வண்டியில் அடிப் பிளக்கைத் திறந்தோ கீழ் ஹோஸைக் கழற்றியோ ஒரு பக்கெட்டில் பிடியுங்கள். எத்தனை லிட்டர் வந்தது என்று அளந்து வைத்துக்கொண்டால் நிரப்பும்போது உதவும். தெர்மோஸ்டாட் வெளியே இருக்கும்போதே, தோட்ட ஹோஸ் பைப்பைக் கீழ் வாயில் வைத்து மேல் வாய் வழியாகத் தெளிவாக வரும்வரை தண்ணீர் விடுங்கள். வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசை என்பதால் சேறு பெயர்ந்து வரும். வெளிப்பக்கத் தகடுகளில் பூச்சியும் புழுதியும் அப்பியிருந்தால் என்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக மெல்லிய வேகத்தில் தண்ணீர் அடியுங்கள். பிரஷர் வாஷர் தகடுகளைச் சப்பையாக்கிவிடும்.

இதிலும் தேறாத ரேடியேட்டர் பித்தளை வகையாக இருந்தால் ரேடியேட்டர் கடையில் டேங்கைப் பிரித்து, குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பெடுத்து (ராட் அடித்து) தருவார்கள். பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய வகைக்குப் பெரும்பாலும் புதிதுதான் வழி. சென்னையில் புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும். ஃபேன் மோட்டார், ஃபேன் கூடு போன்றவற்றை ஓட்டிப் பார்த்து வாங்கலாம். மூடி, தெர்மோஸ்டாட், ஹோஸ் மூன்றையும் பழையதாக வாங்குவதில் அர்த்தமில்லை. ஒழுகலுக்கு மஞ்சள் தூள் போடுவது ஊர் வந்து சேர உதவும். ஆனால் ஓட்டையை அடைக்கிற அதே தூள் குழாய்களையும் அடைக்கும். போட்டிருந்தால் வந்ததும் கழுவிவிடுங்கள்.

நிரப்பக் கூலன்ட் வேண்டும். உறையாமல் இருக்க அல்ல, துருவும் உப்பும் பிடிக்காமல் இருக்க. அடர்த்தியான வகை வாங்கினால், டப்பாவில் வேறு அளவு சொல்லாதவரை, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு டிஸ்டில்டு வாட்டர் நம் சமவெளிக்குப் போதும். கலந்தே விற்கும் வகையில் மேலும் தண்ணீர் சேர்க்க வேண்டாம். நிறத்தை நம்பி இரண்டு வகையைக் கலக்காதீர்கள். பச்சை என்பதற்குள்ளேயே பல வகை உண்டு.

வண்டியின் மூக்கு சற்று மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தி மெதுவாக ஊற்றுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் திறந்து வையுங்கள். மூடி போடாமல் ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கிவிட்டால் குமிழ் குமிழாகக் காற்று வெளியேறும். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். மேல் ஹோஸ் திடீரென்று சூடானால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. மட்டம் மேலெழும்பி வழிவதற்குள் என்ஜினை நிறுத்தி, கழுத்துவரை நிரப்பி மூடியைப் போட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விடுங்கள். நன்றாக ஆறிய பிறகு மீண்டும் திறந்து பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருக்கும். உள்ளே ஊற்றிய அளவு முதலில் அளந்ததைவிடக் கணிசமாகக் குறைவென்றால் காற்று இன்னும் சிக்கியிருக்கிறது.

வெளியே எடுத்த பழைய கூலன்ட்டைத் திறந்து வைக்காதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் குடிக்கும், குடித்தால் பிழைக்காது.

கேஸ்கெட் போய்விட்டதா?

இத்தனைக்கும் அடங்காவிட்டால் இந்தச் சோதனை. ஆறிய என்ஜினில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, மூடியில்லாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். ஏர் லாக் குமிழ் சற்று நேரத்தில் நின்றுவிடும். கேஸ்கெட் குமிழ் நிற்காது, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் கூடும். மூடி போட்டு, ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும் அதே அர்த்தம். ஆயில் மூடிக்கு அடியில் பால் நிறம் தெரிந்தால் உடனே பதற வேண்டாம். கடைக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓடும் வண்டியில் ஈரத்தால் அப்படி வரும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால்தான் கவலை. அந்த நிலையில் வண்டியை ஓட்டாமல் ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்ப வேண்டும். நேர்க்கோலும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்த்து 0.05 மி.மீ.க்கு மேல் வளைவிருந்தால் ஃபேஸிங் போட்டே, அதாவது அடிப்பரப்பைச் சமமாகச் சீவியே, ஆக வேண்டும். ஃபேஸிங் இல்லாமல் கேஸ்கெட் மட்டும் மாற்றினால் சீக்கிரமே அதே பட்டறை வாசலில் நிற்பீர்கள்.

கூலிங்கில் எதுவுமே தப்பில்லை என்றால் இக்னிஷன் டைமிங் தாமதமாக இருக்கிறதா, கார்புரேட்டர் கலவையில் காற்றுக்குப் பெட்ரோல் குறைவாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு சக்கரங்களுக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் தகித்தால் பிரேக் பிடித்துக்கொண்டு என்ஜினை வாட்டுகிறது.

வேலை முடிந்ததும் ரிசர்வாயர் பாட்டிலில் காலை மட்டத்துக்கு நேராக ஒரு இன்சுலேஷன் டேப் துண்டை ஒட்டுங்கள். இரண்டு வாரம், தினமும் வண்டி எடுக்கும் முன் பாருங்கள். முதல் இரண்டு நாள் ஒரு விரல் இறங்குவது மிச்சக் காற்று. அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே போனால் இரவில் வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வையுங்கள். காலையில் ஈரம் எந்த ஹோஸுக்கு நேராக இருக்கிறதோ, முதலில் அதன் கிளாம்பை முடுக்கிப் பாருங்கள்.