அக்சஸில் இணைத்த தரவுக் கோப்பு திறக்காதபோது என்ன செய்வது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் மரண சகாய நிதியின் கணக்கைப் பார்த்துக்கொள்பவள் நான். தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவள். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களை விட்டுத் தாமான் எனும் புதிய குடியிருப்புகளுக்குக் குடிபோன பிறகும் மாதம் 5 ரிங்கிட் தவறாமல் கட்டும் குடும்பங்கள் எங்களிடம் இருக்கின்றன. ஒருவர் கண்ணை மூடினால், பாடை எடுப்பதற்குள் அந்த வீட்டுக்குப் பணம் போய்ச் சேர வேண்டும்.

அப்படி ஒரு சாவு விழுந்த இரவில்தான் செயலாளர் தம்பி பதறிப்போய்த் தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, உறுப்பினர் பட்டியல் முழுவதும் அழிந்துவிட்டது" என்றார். ஒன்றும் அழியவில்லை. அன்று மாலைதான் புதுக் கணினிக்கு மாறியிருந்தார். படிவங்கள் உள்ள கோப்பை மட்டும் விரலியில் (யூஎஸ்பி) எடுத்துப் போயிருந்தார். தரவுக் கோப்பு பழைய கணினியிலேயே இருந்தது.

எங்களைப் போல மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் கணக்கு வைத்திருப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கோப்பு இரண்டாக இருக்கும். ஒன்றில் படிவங்களும் அறிக்கைகளும். மற்றொன்றில் பெயர், அடையாள அட்டை எண், சந்தா எல்லாம். முதல் கோப்பு இரண்டாவதன் முழு முகவரியையும், அதாவது பாதையையும், எழுதி வைத்துக்கொள்கிறது. அந்த முகவரி மாறினால் தேடிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழக்கம் அதற்குக் கிடையாது.

ஆகவே பிழைச் செய்தி வந்தால் உடனே மூடிவிடாதீர்கள். எந்தப் பாதையில் தேடியது என்று அதிலேயே எழுதியிருக்கும். எழுதிக்கொள்ளுங்கள். இடப்பக்கப் பட்டியலில் அம்புக்குறியுடன் இருக்கும் அட்டவணையின் மேல் சுட்டியை வைத்தாலும் அதே பாதை தெரியும். நேற்று 'இ' டிரைவாக இருந்த விரலி இன்று 'எஃப்' ஆகியிருக்கும்; அல்லது யாரோ கோப்புறையின் பெயரைத் திருத்தியிருப்பார்கள். நான் பார்த்த பத்துத் தொல்லைகளில் ஏழெட்டு இந்த வகைதான்.

சரிசெய்ய 'எக்ஸ்டர்னல் டேட்டா' பட்டியில் 'லிங்க்ட் டேபிள் மேனேஜர்' இருக்கிறது. எல்லா அட்டவணைகளையும் தேர்ந்தெடுத்து, புதிய பதிப்பில் 'ரீலிங்க்' பொத்தானை அழுத்துங்கள். பழைய பதிப்பில், ஒவ்வொரு முறையும் புது இடம் கேட்கச் சொல்லும் கட்டத்தைக் குறியிட வேண்டும். பிறகு தரவுக் கோப்பைக் காட்டினால் போதும். அலுவலகத்தில் இரண்டு மூன்று கணினிகள் இருந்தால், டிரைவ் எழுத்தை நம்பாமல் கணினியின் பெயரில் தொடங்கும் வலைப்பின்னல் பாதையைக் கொடுங்கள். டிரைவ் எழுத்து ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொன்றாக இருக்கும்.

கோப்பு திறக்கிறது, ஆனால் புதுப் பதிவு சேர்க்க முடியவில்லை என்றால் அது வேறு கதை. தரவுக் கோப்பைத் திறந்தவுடன் அக்சஸ் அதே கோப்புறையில், அதே பெயரில், பின்னொட்டு மட்டும் வேறாக ஒரு சிறிய பூட்டுக் கோப்பை உருவாக்கும். கடைசி ஆள் வெளியேறியதும் அழித்துவிடும். அதனால் தரவுக் கோப்பில் எழுத அனுமதி இருந்தால் மட்டும் போதாது. அந்தக் கோப்புறையில் கோப்பு உருவாக்கவும் அழிக்கவும் அனுமதி வேண்டும். சுருக்கிய ஸிப் கோப்புக்குள்ளிருந்தே நேராகத் திறந்தாலும் எழுத முடியாது. வெளியே எடுத்து வைத்துவிட்டுத் திறவுங்கள்.

யாரும் திறக்காதபோதும் பூட்டுக் கோப்பு அப்படியே கிடந்தால், நடுவில் மின்சாரம் போயிருக்கலாம். பிற்பகல் இடிமழை இங்கே நமக்குத் தெரியாததா? எல்லாக் கணினிகளிலும் மூடிவிட்டதை உறுதிசெய்த பிறகே அதை நீக்குங்கள்.

வடிவம் புரியவில்லை என்று செய்தி வந்தால், தரவுக் கோப்பே சேதமாகியிருக்கலாம். முதலில் ஒரு நகல் எடுங்கள். பிறகு அந்த நகலை நேராகத் திறந்து கோப்பைச் சுருக்கிச் சரிசெய்யும் 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' ஓட்டுங்கள். படிவக் கோப்பில் நின்றுகொண்டு ஓட்டினால் அது மட்டும்தான் சுருங்கும். இணைத்த கோப்பைத் தொடாது. சேதமான பதிவுகளை இந்தச் சரிசெய்தல் கைவிட்டுவிடவும் கூடும். அதனால்தான் நகலை இவ்வளவு வற்புறுத்துகிறேன். அளவையும் பாருங்கள், ஒரு கோப்புக்கு 2 ஜிபிதான் எல்லை. வைஃபை வழியாகத் தரவுக் கோப்பில் எழுதாதீர்கள். இணைப்பு அறுந்தால் கோப்பும் கெடக்கூடும்.

இதுவரை சொன்னவை எல்லாம் பிழைச் செய்தி காட்டும் தொல்லைகள். நான் மிகவும் அஞ்சுவது செய்தியே காட்டாத ஒன்றை. ஒருமுறை அவசரத்தில், கோப்பின் பழைய நகலோடு இணைத்துவிட்டேன். எல்லாம் ஒழுங்காகத் திறந்தது. பெயர்கள் இருந்தன, சந்தா இருந்தது. பதினொரு நாள் அதிலேயே பதிந்துகொண்டிருந்தேன். ஒரு பெரியம்மா சந்தா கட்ட வந்து, தன் பழைய ரசீதை மேசைமேல் வைத்தார். அதே எண்ணில் அன்று காலை வேறொருவருக்கு ரசீது அச்சடித்துக் கொடுத்திருந்தேன். இரு கோப்புகளையும் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டுச் சேர்க்க இரண்டு இரவுகள் பிடித்தன.

அன்றிலிருந்து நகல்களை அதே கோப்புறையில் வைப்பதில்லை. பெயரில் தேதியைச் சேர்த்து வேறு வட்டுக்கு மாற்றிவிடுகிறேன். மறுபடி இணைத்தவுடன் உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்க்கிறேன். கடைசி ரசீது எண்ணைத் தாள் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையோடு ஒப்பிடுகிறேன். இரண்டும் பொருந்திய பிறகே முதல் பதிவைத் தட்டுகிறேன். செயலாளர் தம்பியின் மேசையிலும் இப்போது அந்த அடிக்கட்டைப் புத்தகம் இருக்கிறது.