ராணுவத்தில் மொழிபெயர்ப்புக் கருவி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொழிபெயர்ப்பு சரளமாக இருந்தால் சரியாகவும் இருக்கும் என்று நம்புவதுதான் முதல் தவறு, மிக ஆபத்தான தவறும் அதுதான். பழைய மென்பொருள் தடுமாறினால் வாக்கியமே உடைந்து கிடக்கும். படிப்பவருக்கு உடனே சந்தேகம் வரும். இப்போதைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் புரியாத இடத்தையும் நல்ல வாக்கியமாக நிரப்பிவிடுகின்றன. 'சுடவில்லை' என்பது 'சுட்டார்கள்' என்று மாறியிருந்தாலும் படிக்க ஒரு நெருடலும் இருக்காது.

2017 அக்டோபரில் மேற்குக் கரையில் ஒரு பாலஸ்தீனக் கட்டடத் தொழிலாளி ஃபேஸ்புக்கில் அரபியில் காலை வணக்கம் சொன்னார். தானியங்கி மொழிபெயர்ப்பு அதை ஹீப்ருவில் 'அவர்களைத் தாக்கு' என்று காட்டியது. இஸ்ரேல் போலீஸ் அவரைக் கைது செய்து, சில மணி நேரம் கழித்து விட்டது. கைதுக்கு முன் அரபி தெரிந்த ஓர் அதிகாரிகூட அந்தப் பதிவைப் படிக்கவில்லை. இதே பிழை குண்டு வீசும் முடிவுக்கு முன் நடந்தால் மன்னிப்புக் கேட்க ஆளே இருக்காது. ஒருவரைப் பிடிக்கவோ சுடவோ இயந்திரம் தந்த ஒற்றை வரி ஆதாரமாகவே கூடாது. மொழி தெரிந்தவர் மூலத்தைப் பார்த்தாக வேண்டும். மொழிபெயர்ப்பை மூல மொழிக்கே திருப்பிப் போட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. போகும்போது செய்த பிழையைக் கருவி வரும்போது மறைத்துவிடலாம்.

அடுத்தது வட்டார வழக்கு. செய்தித்தாள் அரபியில் பழகிய கருவி பாக்தாத் தெருப்பேச்சில் திணறும். அமெரிக்க ராணுவத்துக்கான ஆராய்ச்சி அமைப்பான டார்பா ஈராக்கிய பேச்சு வழக்கைத் தனியாகப் பதிவு செய்து கருவிகளுக்குப் பழக்கியது இதனால்தான். வயர்லெஸ் இரைச்சலும் படைக்குள் புழங்கும் சுருக்கப் பெயர்களும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம்.

பதிலைப் பற்றி யோசிக்காமல் கேள்வி கேட்பதும் உண்டு. ஆப்கானிஸ்தானில் அமெரிக்க வீரர்கள் பயன்படுத்திய ஃப்ரேஸலேட்டர் என்ற மொழிபெயர்ப்புக் கருவி, முன்பே பதிவு செய்த வாக்கியங்களை ஒலிக்கும். எதிரில் இருப்பவர் சொல்வது அதற்குப் புரியாது. அப்படிப்பட்ட கருவியை வைத்துக்கொண்டு 'என்ன நடந்தது?' என்று கேட்டால் பயந்துபோன மனிதர் பேசிக்கொண்டே போவார், ஒன்றும் பிடிபடாது. தலையசைத்தோ கைகாட்டியோ பதில் சொல்லும்படி கேட்க வேண்டும்.

அப்புறம் ரகசியம். 2017-ல் ஓர் இலவச மொழிபெயர்ப்புத் தளத்தில் போட்ட அலுவலக ஆவணங்கள் கூகுள் தேடலில் கிடைப்பதை நார்வே ஊடகம் வெளிக்கொண்டுவந்தது. படைக்குறிப்பை அப்படி ஒரு தளத்தில் ஒட்டவே கூடாது. இணையம் இல்லாமல் படையின் சொந்தக் கணினியிலேயே இயங்கும் கருவி வேண்டும். அதிலும் ஆள்பெயர், ஊர்ப்பெயர், எண், திசை ஆகியவற்றை மட்டுமாவது ஒவ்வொன்றாக மூலத்தோடு ஒப்பிட்ட பிறகே செய்தியை மேலே அனுப்ப வேண்டும்.