பினாங்கில் வானிலைக் கருவியின் நேரமும் அழுத்தமும் பிசகினால்

வீட்டு வானிலைக் கருவியின் கடிகாரம் தானாகவே தவறிக்கொண்டிருந்தால், முதலில் அதன் வானொலி நேரத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். ஜெர்மனியின் டிசிஎஃப்77 என்னும் நேர அலைபரப்பை நம்பிச் செய்யப்பட்ட கருவி, பினாங்கில் அதைப் பிடிக்க இயலாமல் வீணாகத் தேடிக்கொண்டிருக்கும். நேர மண்டலத்தைக் கூட்டல் 8 என அமைத்து, கோடைக்கால நேரத்தையும் நீக்கி, கையால் திருத்துவதே நல்லது.

அழுத்தத்தில் பழுதைவிடக் குழப்பமே அதிகம். கருவி நேரடியாக அளப்பது அது இருக்கும் இடத்தின் அழுத்தம். விமான நிலையம் அறிவிப்பதோ கடல்மட்டத்திற்குச் சரிசெய்த மதிப்பு. ஏறத்தாழ 8 மீட்டர் உயரத்திற்கு 1 ஹெக்டோபாஸ்கல் குறையும் என்பதால், என் இருபதாவது மாடி வீட்டில் திரை 1003 காட்டியபோது பாயான் லெப்பாஸ் விமான நிலைய அறிக்கையில் 1010 இருந்தது. கருவியின் சார்பு அழுத்தத்தில், அதாவது கடல்மட்டத்திற்குச் சரிசெய்து காட்டும் மதிப்பில், அந்த 7-ஐக் கூட்டியதும் கணக்கு நேரானது.

கருவியின் அழுத்தத்தையும் விமான நிலைய அழுத்தத்தையும் ஒரே வேளையில் ஒப்பிட வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் பகுதியில் அழுத்தம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். முற்பகல் 10, 11 மணியளவில் உச்சத்தையும், பிற்பகல் 4, 5 மணியளவில் தாழ்வையும் தொடும். வேறுபாடு 3 ஹெக்டோபாஸ்கலைத் தாண்டுவதுண்டு. பல நாள் வரைபடத்தில் உச்சம் பிற்பகல் 4 மணிக்கே விழுந்துகொண்டிருந்தால், அழுத்த உணரியைக் குறை சொல்லாமல் மறுபடியும் கடிகாரத்தைப் பாருங்கள்.