முழத்தில் தொடங்குங்கள், மீட்டர் தானாக வரும்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 1 மீட்டர் = 100 செ.மீ. என்று பலகையில் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள், மறுநாளே அது 1000 ஆகிவிடும். முதலில் சணல் கயிற்றைக் கொடுத்து, திருப்பாதிரிப்புலியூர் பூக்காரம்மா அளப்பதுபோல ஆளாளுக்கு 2 முழம் கையால் அளந்து வெட்டச் சொல்லுங்கள், நீங்களும் ஒன்று வெட்டுங்கள். எல்லாவற்றையும் தரையில் வரிசையாக வைத்ததும் "டீச்சர் கயிறு மட்டும் நீளமா இருக்கு!" என்று சத்தம் கிளம்பும். அந்தச் சண்டைதான் பாடம். சரி, யார் அளந்தாலும் ஒரே மாதிரி வர என்ன வழி என்று கேட்டுவிட்டு, அப்புறம் டேப்பை எடுங்கள். தையல்காரர் டேப்பில் மறுபக்கம் அங்குலம் இருக்கும், இப்போதைக்கு அதைத் திருப்பாதீர்கள்.

எடைக்குப் பண்ருட்டி முந்திரி கட்டுப்படியாகாது. மணலை 250 கிராம் பைகளாகக் கட்டி, நான்கு சேர்ந்தால் ஒரு கிலோ என்று தராசில் காட்டினால் போதும். லிட்டருக்கு இரண்டு அரை லிட்டர் பாட்டில்.

ஓர் அலகை இன்னொன்றாக மாற்றும்போது பெருக்குவதா வகுப்பதா என்பதில்தான் எல்லாரும் தடுமாறுவார்கள். கணக்குப் போடும் முன், எண் கூடுமா குறையுமா என்று ஊகிக்கச் சொல்லுங்கள். சின்ன அலகுக்கு மாறினால் எண்ணிக்கை கூடும், சில்லறை மாற்றுவது மாதிரி. கடலூரிலிருந்து புதுச்சேரி 20 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். 20 என்றே வைத்து மீட்டரில் கேளுங்கள். 200 என்று எழுதும் பிள்ளையிடம், "முனை டீக்கடையே 200 மீட்டர் இருக்குமேடா" என்றால் தானே அழித்துத் திருத்தும்.