அட்டமைசரைக் கழுவுவது எளிது, காய வைப்பதில்தான் வேலை இருக்கிறது

மின் சிகரெட்டில் கருகல் சுவை வர ஆரம்பித்ததும் நம்மில் பலர் திரவத்தைத்தான் சந்தேகப்படுவோம். நானும் திரவத்தை மாற்றினேன், அதை உறிஞ்சும் பஞ்சை மாற்றினேன். திரவத்தை ஆவியாக்கும் பகுதியான அட்டமைசரைப் பகுதி பகுதியாகக் கழற்றிக் கழுவிய பிறகுதான் சுவை சரியானது. அந்த முறையை இங்கே எழுதுகிறேன். காயிலை, அதாவது சூடாகும் கம்பிச் சுருளை, நாமே பொருத்தும் ரீபில்டபிள் வகைக்கானது இது. டேங்கைக் கழற்றவும் பஞ்சு மாற்றவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எது எங்கே அழுக்காகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. திரவத்தின் பெரும்பகுதி புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும்தான். இரண்டுமே தண்ணீரில் கரையும். அதனால் டேங்கிலும் மூடியிலும் ஒட்டியிருப்பதை வெதுவெதுப்பான தண்ணீரே கழுவிவிடும். காயிலில் படியும் கறுப்பு வேறு. இனிப்புக்குச் சேர்க்கும் சுக்ரலோஸ் ஆவியோடு முழுதாகப் போகாது. சூட்டில் சிதைந்து கம்பியிலேயே கரியாக ஒட்டிக்கொள்ளும். இனிப்பு தூக்கலான திரவம் ஊற்றுபவர்கள் காயிலை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டியிருப்பது இதனால்தான். தண்ணீர் அந்தக் கரியை அசைக்காது.

முதலில் மோடை (பேட்டரி இருக்கும் பகுதியை) அணைத்துவிட்டு அட்டமைசரைத் தனியே எடுங்கள். மீதித் திரவத்தை ஒரு காகிதத் துண்டில் வடியுங்கள். நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும், அதனால் கையுறை போட்டுக்கொள்வது நல்லது. சிறு குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு நிக்கோட்டின் கொஞ்சம் உள்ளே போனாலும் ஆபத்து.

பழைய பஞ்சை இழுத்தெடுத்து எறியுங்கள். அப்புறம் ஓ-ரிங்குகளைக் கழற்றி, எது எந்த இடத்தில் இருந்தது என்று ஒரு படம் எடுத்து வையுங்கள். ஒரே மாதிரி தெரியும் இரண்டு வளையங்கள் கனத்தில் வேறுபடலாம். இடம் மாறினால் டேங்க் கசியும்.

எல்லாவற்றையும் வெதுவெதுப்பான தண்ணீரில், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தோடு கொஞ்ச நேரம் ஊற விடுங்கள். கொதிநீர் வேண்டாம், கண்ணாடி திடீர்ச் சூட்டில் விரிசல் விடும். மென்மையான பல் துலக்கும் பிரஷ் போதும். மீயொலிக் கழுவி வாங்கச் சொல்கிறார்கள். டேங்குக்கு அது அவசியமே இல்லை என்பது என் கருத்து. அந்தப் பணத்துக்கு நல்ல பஞ்சும் கம்பியும் வாங்கலாம். காற்றுத் துளைகளில் மட்டும் பிரஷ் நுழையாது, பல்லிடுக்குத் தூரிகை கச்சிதமாகப் போகும்.

வாசனை விடாப்பிடியாக ஒட்டியிருந்தால் உலோகப் பகுதிகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைக்கலாம். அக்ரிலிக் டேங்கில் அதை விடாதீர்கள், நுண்விரிசல் விழும்.

இனி காயில். காந்தால், நைக்ரோம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியாக இருந்தால், பஞ்சில்லாமல் குறைந்த வாட்டில் விட்டு விட்டு மெல்லச் சூடாக்கினால் கரி எரிந்து உதிரும். மங்கலாகச் சிவந்ததும் விட்டுவிடுங்கள், வெள்ளைச் சூடு வரை போகக் கூடாது. ஆறியதும் தண்ணீர் காட்டி பிரஷால் தேயுங்கள். டைட்டேனியம், சுத்த நிக்கல் கம்பிகளில் இந்த வேலையே கூடாது. டைட்டேனியம் அதிகச் சூட்டில் ஆக்சைடு தூளாக உதிரும், அது மூச்சோடு போக வேண்டிய பொருளில்லை. ஆல்கஹால் தொட்ட எதையும் முழுதாக உலராமல் சூடாக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

இதுவரை சுலபம். என்னை நிறைய நேரம் பிடித்து நிறுத்தியது அடுத்த படி.

கழுவித் துடைத்து, பார்க்கக் காய்ந்துவிட்டது என்று பூட்டினால், மோட் காட்டும் ஓம் எண் (காயிலின் மின்தடை) ஆட ஆரம்பிக்கும். ஒருமுறை 0.5 காட்டும், அடுத்த முறை 0.6, அப்புறம் காயிலே இல்லை என்று சொல்லும். காயிலில் குறை இருக்காது. அடித்தளத்தின் நடுத்தூணைச் சுற்றி ஒரு சிறிய இன்சுலேட்டர் இருக்கிறது. அதன் அடியிலும், மோடோடு இணையும் 510 திருகின் மரையிலும் தண்ணீர் தங்கிவிடுகிறது. துணியால் துடைத்தால் அது வராது. முடிந்தால் அடியில் இருக்கும் முனைத் திருகைக் கழற்றி, தூணையும் இன்சுலேட்டரையும் தனித்தனியாக எடுத்துக் காய வையுங்கள். கழற்ற முடியாத வகையென்றால் அடித்தளத்தைக் கவிழ்த்து, உதறி, காற்றோட்டத்தில் ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். ஹேர் டிரையரின் குளிர்காற்று உதவும். சூடான காற்று பிளாஸ்டிக் இன்சுலேட்டரை வளைத்துவிடலாம்.

திரும்பப் பூட்டும்போது அந்த அடித் திருகை நன்றாக முறுக்குங்கள். தளர்ந்திருந்தாலும் எண் ஆடும். எண் நிலையாக நிற்கும்வரை பஞ்சு வைக்காதீர்கள். இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. முழுதாகச் சார்ஜான பேட்டரி 4.2 வோல்ட். காயில் எங்காவது உரசி 0.1 ஓமுக்கு இறங்கினால் 42 ஆம்பியர் இழுக்கும். மோடில் போடும் 18650 வகை உருளை பேட்டரிகளில் பெரும்பாலானவை அதைத் தொடர்ந்து தாங்காது. மின்னணுச் சுற்றால் ஒழுங்குபடுத்தும் மோட் தானாகவே நிறுத்திவிடும், அந்தச் சுற்றே இல்லாத மெக்கானிக்கல் மோடில் அந்தக் காவல் கிடையாது. அதைப் பயன்படுத்துபவர்கள் தனி ஓம் மீட்டர் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

சரி, எண் நின்றுவிட்டது. புதுப் பஞ்சை லேசான இறுக்கத்தோடு காயிலில் இழுத்து, திரவத்தில் நனைத்து, டேங்கை நிரப்பி 10 நிமிடமாவது விட்டு, குறைந்த வாட்டில் ஆரம்பியுங்கள். ஓ-ரிங்கில் ஒரு துளி கிளிசரின் தடவினால் மூடி சுலபமாகத் திரும்பும்.

பின்சேர்க்கை: கடையில் வாங்கும் ரெடிமேட் காயிலை இப்படிக் கழுவலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். அதற்குள் இருக்கும் பஞ்சு ஏற்கெனவே கருகியிருந்தால் எந்தக் கழுவலும் அதை மீட்காது, மாற்றிவிடுங்கள். கருகாததைச் சுவை மாற்றுவதற்காக அலசலாம், ஆனால் உள்பஞ்சு காய நாள் கணக்கில் ஆகும்.

கழுவிய பிறகு வாய்க்குச் சூடான துளி தெறிக்கிறது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதுவும் தங்கிய ஈரம்தான். புகைக்குழாயின் உள்பக்கத்தைக் காகிதத்தை முறுக்கித் துடையுங்கள். ஈரம் போயும் தெறித்தால் பஞ்சு குறைவாக இருக்கிறது அல்லது வாட் மிகக் குறைவு.

சுத்தமான அட்டமைசர் என்றால் பாதுகாப்பான பழக்கம்தானே என்று கேட்டவருக்கு: இல்லை. கருகிய பஞ்சின் புகை குறையும், அவ்வளவுதான். நிக்கோட்டின் அப்படியே இருக்கிறது. இதுவரை தொடாதவர்கள் தொடங்க வேண்டாம்.